ரேஸ் கார்டு படிக்கத் தெரியாதவர்களுக்கு: நான் தடுக்கி விழுந்த இடமும் சேர்த்து

ரேஸ் கார்டு என்பது அன்றைய குதிரைப் பந்தயங்களையும் அவற்றில் ஓடும் குதிரைகளையும் பட்டியலிடும் தாள். முதன்முதலாக ரேஸ் பார்க்கப் போனபோது ஐந்தாம் நம்பர் குதிரையைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். பந்தயம் முடிந்த பிறகுதான் தெரிந்தது, நான் பார்த்தது வேறு குதிரை! எங்கே சறுக்கினேன் என்பது மூன்றாவது படியில் வரும்.

படி 1: கார்டு பிறக்கும் விதம்

பந்தய நாளுக்கு வெகு முன்பே தூரம், வயது, ரேட்டிங் (குதிரையின் திறமைக்குத் தரும் புள்ளி) வரம்பு, பரிசுத் தொகை எல்லாவற்றையும் குறித்து ஒரு பட்டியல் வந்துவிடும். இந்தியாவில் அது பிராஸ்பெக்டஸ், அமெரிக்காவில் கண்டிஷன் புக். அதைப் பார்த்துத்தான் டிரெய்னர்கள் குதிரைகளின் பெயரைக் கொடுக்கிறார்கள். போதிய பெயர் சேராத பந்தயம் கைவிடப்படலாம். அளவுக்கு மீறிச் சேர்ந்தால் இரண்டாகப் பிரிப்பதும் உண்டு. ஒரே நாளில், ஒரே தூரத்தில், ஒரே வகுப்பில் இரண்டு பந்தயங்களைப் பார்த்து அச்சுப்பிழை என்று நினைத்துவிடாதீர்கள்.

படி 2: நேரம்

இரண்டு பந்தயங்களுக்கு நடுவே சுமார் அரை மணி நேரம் விடுவார்கள். ஓடி முடித்து வந்த ஜாக்கி (குதிரையை ஓட்டுபவர்) எடை பார்க்க வேண்டும், அடுத்த ஓனரின் வண்ணச் சட்டைக்கு மாற வேண்டும், மறுபடி எடை பார்க்க வேண்டும். தூரம் மாறினால் புறப்படும் இடமும் மாறும்; குதிரைகள் கட்டம் கட்டமாக நின்று கிளம்பும் ஸ்டார்ட்டிங் கேட்டையே வண்டியில் கட்டி இழுத்துப் போவார்கள். நாளின் பெரிய பந்தயம் பெரும்பாலும் பிற்பகுதியில்தான் வரும்.

படி 3: நம்பர் வேறு, டிரா வேறு

நான் கவிழ்ந்தது இங்கேதான். நம்பர் என்பது சேணத்துக்கு அடியில் போடும் துணியில் இருப்பது. டிரா என்பது குலுக்கலில் விழுந்த கேட் கட்டம். ஐந்தாவது கட்டத்தில் நின்ற குதிரையை ஐந்தாம் நம்பர் என்று நம்பிவிட்டேன். ஹேண்டிகேப் பந்தயத்தில் ரேட்டிங் கூடிய குதிரைக்கு எடையும் கூடும். பிரிட்டனில் ஒரு புள்ளிக்கு ஒரு பவுண்டு, இந்தியாவில் அரைக் கிலோ. அதிக எடை சுமப்பதற்குத்தான் முதல் நம்பர். ஆக, நம்பர் எடை வரிசையைச் சொல்லும். எங்கிருந்து கிளம்பும் என்பதை டிரா சொல்லும். அமெரிக்கக் கார்டுகளில் இரண்டும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். அமெரிக்கப் பந்தய வீடியோக்களைப் பார்த்துப் பழகியதுதான் எனக்கு வினையாகிப் போனது.

படி 4: பெயருக்குப் பக்கத்து எண்கள்

பிரிட்டிஷ் கார்டில் 30-21 என்று இருந்தால் இடமிருந்து வலமாகப் படியுங்கள். கடைசி எண்தான் கடைசி ஓட்டம். போன சீசனில் மூன்றாவது, பிறகு முதல் ஒன்பதுக்கு வெளியே. கோட்டுக்கு வலப் பக்கம், இந்த சீசனில் இரண்டாவது, அப்புறம் வெற்றி. எல்லா நாட்டிலும் இதே திசை என்று எண்ணாதீர்கள். கார்டின் விளக்கக் குறிப்பை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

செயலிகள் எத்தனையோ இருக்கின்றன. எனக்கென்னவோ அச்சிட்ட கார்டும் பென்சிலும்தான். விலகிய குதிரையை ஒரே கோட்டில் அடித்துவிடலாம், மற்றவற்றின் நம்பர் மாறாது.

பிற்சேர்க்கை: டிசம்பரில் இரண்டு வயது என்றிருந்த குதிரை ஜனவரியில் மூன்று ஆனது எப்படி என்று ஒருவர் கேட்டிருந்தார். வட அரைக்கோளத்தில் எல்லாப் பந்தயக் குதிரைகளுக்கும் ஜனவரி 1 அன்று ஒரு வயது கூடும். ஆஸ்திரேலியாவில் ஆகஸ்ட் 1.