சின்னப் பிள்ளைக்கு வார்த்தையப் பாத்ததும் படிக்க வர என்ன பண்ணலாம்

247 எழுத்தும் முடிஞ்சப்புறம்தான் வார்த்தைன்னு காத்திருக்காதீங்க. ப, ட, ம மூணும், புள்ளி வச்சா அது எப்படி ஒலிக்கும்னும் தெரிஞ்சாலே படம், மடம், பட்டம், மட்டம்னு நாலு வார்த்தை கைக்கு வந்துரும், அங்கருந்தே ஆரம்பிங்க.

பழைய கல்யாணப் பத்திரிகைய வெட்டி ஒரு அட்டைக்கு ஒரு வார்த்தை பெருசா எழுதுங்க. படம் வரையாதீங்க, பிள்ளை எழுத்த விட்டுட்டு படத்தப் பாத்து சொல்லிரும். விரல் வச்சு மெதுவா ஒவ்வொரு எழுத்தா சொல்லி அப்புறம் சேத்து சொல்லச் சொல்லுங்க, இத நாளும் பத்து நிமிஷம் பண்ணா போதும், கொட்டாவி விட்டா அன்னைக்கு அவ்வளவுதான்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது டவுன் பஸ் போர்டுதான். மதுரை பெரியார் பஸ் ஸ்டாண்டுல நிக்கும்போது திருநகர், திருமங்கலம், திருப்பரங்குன்றம்னு வர்ற போர்டுல எல்லாம் 'திரு' எங்க இருக்குன்னு கேளுங்க, அந்தத் துண்டு மனசுல பதிஞ்சுட்டா மிச்சத்த மட்டும் கூட்டிப் படிச்சாப் போதும், நீளமான பேரப் பாத்து மிரளாது.

கொக்கு, கோழி மாதிரி வார்த்தைல பொறுமையா இருங்க. கொம்பு முன்னாடி நிக்குது, சத்தம் பின்னாடி வருது, போதாததுக்கு காலப் பாத்தா 'ர' மாதிரியே இருக்கு, பாவம் குழம்பத்தான் செய்யும். கொம்பு, க, கால் மூணையும் சேத்து ஒரு வட்டம் போட்டு ஒரே எழுத்தாக் காட்டுங்க.

தப்பா படிச்சா திட்ட வேணாம்ங்க, நீங்களே சரியாச் சொல்லிட்டு அடுத்ததுக்குப் போங்க, கொஞ்ச நேரம் கழிச்சு அதே அட்டைய மறுபடி எடுங்க.