கணத்தாக்கு வகையீட்டுச் சமன்பாடு: எல்லைப் பெறுமானப் பிரசினத்தைத் தீர்க்கும் வழி

ஒரு கணியம் தொடர்ச்சியாக மாறிவந்து, குறித்த சில கணங்களில் மட்டும் திடீரெனத் தாவினால், அதை விவரிப்பது கணத்தாக்கு வகையீட்டுச் சமன்பாடு. அதைத் தீர்க்க முதலில் மூன்றைத் தனித்தனியாக எழுதுங்கள்: தாவல்களுக்கு இடையே செல்லும் வகையீட்டுச் சமன்பாடு, தாவும் கணத்தின் விதி, இரு முனைகளையும் இணைக்கும் எல்லை நிபந்தனை. விடைகள் பிழைப்பது பெரும்பாலும் இரண்டாவதில்தான். தாவலுக்குச் சற்று முன்னான பெறுமானமும் பின்னான பெறுமானமும் வேறு வேறு. இரண்டுக்கும் வெவ்வேறு குறியீடு இடாமல் தொடங்க வேண்டாம்.

ஒரு மருந்தின் அரைவாழ்வுக் காலம், அதாவது குருதியில் அதன் அளவு பாதியாகக் குறையும் நேரம், 4 மணித்தியாலம். காலை 8, பகல் 1, இரவு 8 மணிக்கு 100 மி.கி. வீதம் உடனே குருதியில் சேர்வதாகக் கொள்வோம். நாளுக்கு நாள் ஒரே கோலம் திரும்ப வேண்டும் என்பதே எல்லை நிபந்தனை: தொடக்க அளவும் 24 மணித்தியாலத்துக்குப் பிந்திய அளவும் சமன்.

காலை 6 மணியைத் தொடக்கமாக எடுங்கள். 8 மணியை எடுத்தால் தாவல் எல்லையிலேயே விழும்; அன்றைய குளிசையையும் மறுநாளையதையும் சேர்த்து எண்ணுவதோ, இரண்டையும் விட்டுவிடுவதோ அங்கேதான் நடக்கும். இப்போது தாவல்கள் 2, 7, 14 ஆம் மணிகளில்.

தொடக்க அளவை அ என்று வைத்து முன்னோக்கிச் செல்லுங்கள். 24 மணித்தியாலத்தில் ஆறு முறை பாதியாவதால், நாள் முடிவில் அ-வில் எஞ்சுவது அ/64. குளிசைகள் சேர்ந்து முறையே 22, 17, 10 மணித்தியாலம் கழிந்திருப்பதால், அவற்றில் எஞ்சுவது 100 × (2^(−5.5) + 2^(−4.25) + 2^(−2.5)) = 25.14. ஆகவே அ = அ/64 + 25.14, அ ≈ 25.54 மி.கி. சரிபார்க்க, அங்கிருந்து மீண்டும் ஓட்டுங்கள்: குளிசைகளுக்குப் பின் முறையே 118.06, 149.64, 144.49; இறுதியில் 25.54. உச்சம் பகல் குளிசைக்குப் பின் வருகிறது, ஏனெனில் காலைக்கும் பகலுக்கும் இடைவெளி 5 மணித்தியாலம் மட்டுமே.

தீர்வு எப்போதும் கிடைக்காது. கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு வட்டாரத்தில் வாரம் ஒருமுறை டெங்கு நுளம்புக்குப் புகையடிப்பதாக எடுங்கள். நுளம்புகள் வாரத்தில் இருமடங்காகின்றன. பக்கத்து ஒழுங்கைகளிலிருந்து வருபவற்றால் வார முடிவில் வ கூடுகிறது. அதன் பின் புகையடிக்கப்படுகிறது. இங்கு அ என்பது வாரத் தொடக்கத்தில் உள்ள நுளம்புத் தொகை; புகையடித்த பின்னும் அதே அ திரும்ப வேண்டும் என்பதே எல்லை நிபந்தனை. புகை பாதியைக் கொன்றால் அ = 0.5 × (2அ + வ); அ வெட்டுப்பட்டு வ = 0 என்று நிற்கும். வெளியிலிருந்து ஒன்றேனும் வந்தால் தீர்வே இல்லை. ஒன்றும் வராவிட்டால் எண்ணற்ற தீர்வுகள். 40% கொன்றால் அ = −3வ. ஒரேயொரு தீர்வு, ஆனால் மறை எண். உண்மையில் தொகை பெருகிக்கொண்டே போகும். 70% எனில் அ = 0.75வ, இது நம்பத்தக்கது. தீர்வு ஒன்று இருக்கிறது என்று நிறுவுவதோடு நின்றால் இந்த வேறுபாடு கண்ணில் படாது. குறியையும் பாருங்கள்.

இரண்டாம் வரிசைச் சமன்பாட்டில் பெறுமானமும் படித்திறனும் தனித்தனியே தாவலாம். இரண்டுக்கும் விதி வேண்டும். இரு முனைப் பெறுமானங்களும் தரப்பட்டு, சமன்பாடும் தாவல் விதியும் ஏகபரிமாணமானால் (நேர்கோட்டு வடிவமானால்), தொடக்கப் படித்திறனை ஒருமுறை 0 என்றும் மறுமுறை 1 என்றும் வைத்து ஓட்டுங்கள். இரு இறுதிப் பெறுமானங்களும் வேறுபட்டால், வேண்டிய படித்திறன் விகிதத்தால் உடனே கிடைக்கும். ஏகபரிமாணமற்றதானால் நியூற்றன் முறையால் திருத்திக்கொண்டே போக வேண்டும்.

கணினியில் முழு இடைவெளியையும் ஒரே ஓட்டமாகக் கொடுக்காதீர்கள். படிநீளத்தைத் தானே மாற்றும் தீர்ப்பி (சமன்பாட்டைத் தீர்க்கும் நிரல்) தாவல் நேரத்தைத் தாண்டிப் போய்விடலாம், எச்சரிக்கையும் தராமல். ஒவ்வொரு தாவலிலும் நிறுத்தி, விதியைப் பிரயோகித்து, புதிய பெறுமானத்திலிருந்து மீண்டும் தொடங்குங்கள்.