வலிக்காத கட்டி: ஆறாமல் நிற்கும்போது நாம் செய்யும் தவறுகள்

என் தாய்மாமாவுக்கு வலது கணுக்காலின் உட்புறம் புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி கிளம்பியபோது வீட்டில் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. சீமைக்கருவேல முள் ஏறாத கால் எங்கள் பக்கத்தில் யாருக்கு இருக்கிறது? முள் ஒடிந்து உள்ளே தங்கியிருக்கும், பழுத்தால் தானே வெளியே வந்துவிடும் என்றார் மாமா. பழுக்கவும் இல்லை, வலிக்கவும் இல்லை. இரண்டாம் வருடம் எலுமிச்சம்பழ அளவுக்கு வந்தது. மூன்றாம் வருடம் நாலைந்து இடங்களில் கண் திறந்து நீர் வடியத் தொடங்கியது. அத்தை தினமும் வெந்நீரில் கழுவித் துணி கட்டிவிடுவார். ஒருநாள் அவிழ்த்த துணியை விரித்துக் காட்டி, "எவ்வளவு கழுவினாலும் மண் வந்துகொண்டே இருக்கிறது, பாரப்பா" என்றார். துணியில் கசகசா அளவில் கறுப்புத் துணுக்குகள் ஏழெட்டு ஒட்டியிருந்தன. வயலில் நிற்கிற கால், மண் இருக்கத்தானே செய்யும் என்று நானும் தலையாட்டினேன்.

அது மண் இல்லை, பூஞ்சை. சதைக்குள் கொத்தாக வளர்ந்து, இறுகி மணியாகி, புண்ணின் கண் வழியாக உதிர்கிற பூஞ்சை.

நோயின் பெயர் மைசெட்டோமா. மருத்துவர்களிடையே அதற்கு இன்னொரு பெயரும் உண்டு: மதுரைக் கால். 1842இல் மதுரை மருந்தகத்தில் இருந்த கில் என்ற மருத்துவர் இதைத் தனி நோயாக இனங்கண்டார். 1860இல் ஹென்றி வான்டைக் கார்ட்டர் என்ற மருத்துவர் இதற்கும் பூஞ்சைக்கும் உள்ள தொடர்பைக் காட்டி மைசெட்டோமா என்று பெயர் வைத்தார். பூஞ்சையும் இதை உண்டாக்கலாம், பாக்டீரியாவும் உண்டாக்கலாம். பூஞ்சைகளில் ஒன்றின் பெயர் மதுரெல்லா. பாக்டீரியாக்களில் ஒன்றின் பெயர் ஆக்டினோமதுரா மதுரே. அதில் ஊர்ப் பெயர் இரண்டு முறை வருகிறது! மல்லிகையைப்போல இது பெருமைக்குரிய பெயர் இல்லைதான். ஆனால் மதுரையிலிருந்து பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிடுகிற எங்கள் ஊரில் ஒருவருக்கும் இந்த நோயைத் தெரியாமல் இருந்தது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

மாமா செய்த தவறுகளும், கூட இருந்து நாங்கள் செய்யவைத்த தவறுகளும் இந்த ஒரு நோய்க்கு மட்டும் உரியவை அல்ல. காரணம் தெரியாமல் கிளம்பி, ஆறாமல் நிற்கிற எந்தக் கட்டிக்கும் பொருந்துபவை.

"வலியே இல்லை மாப்பிள்ளை, இதற்குப் போய் ஆஸ்பத்திரியா?" என்பார் மாமா. எல்லாத் தவறுகளுக்கும் தாய் இதுதான். வேனல்கட்டி வலிக்கும், நகச்சுற்று உயிர்போகிற மாதிரி வலிக்கும்; அவை பத்து நாளில் உடைந்து ஆறியும் விடும். நாள்பட்ட தொல்லைகளின் சுபாவம் வேறு. மைசெட்டோமா வருடக்கணக்கில் வலிக்காது. தொழுநோயில் உணர்ச்சி போன பாதத்தில் வருகிற புண் வலிக்காது. கழுத்தில் நெறிகட்டி, மெல்ல உடைந்து, மூடாமல் வடிகிற காசநோய்க் கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை. தோல் புற்றும் ஆரம்பத்தில் அநேகமாக வலிக்காது. வலி வரும்போது எலும்புவரை போயிருக்கலாம், அல்லது வேறு கிருமியும் சேர்ந்திருக்கலாம். ஆகவே வலியை அளவுகோலாக வைக்காதீர்கள், நாட்காட்டியை வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நான்கு வாரத்தில் ஆறாத புண், வளர்ந்துகொண்டே போகிற கட்டி, ஆறியதுபோல் பொருக்குக் கட்டி அதே இடத்தில் மறுபடி உடைகிற பரு இவற்றை மருத்துவர் பார்த்தாக வேண்டும். விரலால் தள்ளினால் தோலுக்கடியில் வழுக்கி ஓடுகிற, பத்து வருடமாக ஒரே அளவில் இருக்கிற கொழுப்புக் கட்டிக்கு இந்த அவசரம் கிடையாது. அதையும் ஒருமுறை காட்டிவிட்டால் மனம் நிம்மதியாக இருக்கும், அவ்வளவுதான்.

அடுத்தது கைமருத்துவம். எருக்கம்பால், சுண்ணாம்பும் மஞ்சளும், மருவைச் சுற்றிக் குதிரைவால் முடியை இறுக்குவது, சூடு வைப்பது என்று எதையும் நாங்கள் விட்டுவைக்கவில்லை. இவற்றால் நோய் போகாது என்பதோடு, மேல்தோல் வெந்து பார்வைக்குக் கிடைக்கிற அடையாளங்களும் அழிந்துவிடும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் கிரீம் இதைவிட மோசம். ஸ்டீராய்டு, ஆன்டிபயாடிக், பூஞ்சை மருந்து மூன்றையும் ஒரே டியூபில் அடைத்த கலவைகள் சுலபமாகக் கிடைக்கின்றன. தடவிய நான்காம் நாள் சிவப்பு குறையும், அரிப்பு நிற்கும், "கேட்கிறது" என்று தோன்றும். ஸ்டீராய்டு அடக்கி வைப்பது உடம்பின் எதிர்ப்பைத்தான். கிருமிக்கு அது கொண்டாட்டம். அப்படி ஏதாவது தடவியிருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், காலி டியூப் இருந்தால் எடுத்துப் போங்கள். அவர் திட்டினாலும் பரவாயில்லை.

"சர்க்கரை இருக்கிறதல்லவா, அதனால்தான் ஆறவில்லை" என்ற பேச்சையும் நிறையக் கேட்டிருக்கிறேன். சர்க்கரை உள்ளவர்களுக்குப் புண் ஆறத் தாமதமாகும், உண்மை. ஆனால் சர்க்கரை இருப்பதால் மற்ற நோய்கள் வராமல் போய்விடுவதில்லை. சர்க்கரை கட்டுக்குள் வந்த பிறகும் புண் அப்படியே இருந்தால் பழியை அதன் மேலேயே போட்டுக்கொண்டு காலம் கடத்தக் கூடாது.

நான்காம் வருடம் மாமாவைச் சந்தையூரில் ஒரு சிறிய கிளினிக்குக்கு அழைத்துப் போனோம். மரத்துப்போக ஊசி போட்டு, கட்டியைக் கீறி, சதையைச் சுரண்டி எடுத்துத் தையல் போட்டார்கள். எடுத்த சதை வாளிக்குள் விழுந்தது. என் கண்ணெதிரில்தான் விழுந்தது. எனக்கும் ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. எட்டு மாதத்தில் கட்டி முன்னைவிடப் பெரிதாகத் திரும்பி வந்தது. உடம்பிலிருந்து வெட்டி எடுத்த எதையும், அது சாதாரண மரு என்றே எல்லோருக்கும் தோன்றினாலும், லேபுக்கு அனுப்பச் சொல்லுங்கள். சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்க நினைத்து நாங்கள் இழந்தது இரண்டு வருடம்.

சதைப் பரிசோதனை என்றதும் வீட்டுப் பெரியவர்கள் கையெடுத்துக் கும்பிடுவார்கள்: "கத்தி பட்டால் பரவிவிடும்." முற்றிய நிலையில் வந்து, பரிசோதனையில் புற்று என்று தெரிந்து, ஆறு மாதத்தில் இறந்தவரைப் பார்த்து உண்டான நம்பிக்கை இது. அவரைக் கொன்றது நோயும் தாமதமும், கத்தி அல்ல. கட்டியின் விளிம்பிலிருந்து ஒரு மிளகு அளவு சதை எடுப்பதால் தோல் புற்று பரவும் என்பதற்கு ஆதாரம் இல்லை. எடுக்காமல் மருந்து கொடுப்பதுதான் குருட்டாட்டம்.

இறுதியில் போய்ச் சேர்ந்தது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவு. அங்கே இருந்த மருத்துவர் காலைப் பார்த்துவிட்டு முதலில் கேட்ட கேள்வி: "நேற்றுக் கட்டிய துணி இருக்கிறதா?" அத்தை அன்று காலையில்தான் அதைக் குப்பையில் போட்டிருந்தார். நல்லவேளையாகக் காலில் இருந்த துணியிலேயே இரண்டு கறுப்பு மணிகள் கிடைத்தன. ஒன்றைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, ஒரு சொட்டு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு நசுக்கி, நுண்ணோக்கியில் பார்த்தார். என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். பழுப்பு நிறத்தில் பின்னிக் கிடந்த நூல்கள். மூன்று வருடமாக அத்தை வெந்நீரில் கழுவிக் கொட்டிக்கொண்டிருந்தது இதைத்தான்.

மணியின் நிறமே பாதி பதிலைச் சொல்லிவிடும் என்றார் அவர். கறுப்பு என்றால் பூஞ்சை. சிவப்பு என்றால் பாக்டீரியா. வெள்ளையும் மஞ்சளும் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். பாக்டீரியா வகை, மாதக்கணக்கில் ஆன்டிபயாடிக் கொடுத்தால் பெரும்பாலும் நன்றாகக் கேட்கும். பூஞ்சை வகை பிடிவாதமானது. ஒரே மாதிரித் தெரிகிற இரண்டு கால்களுக்கு முற்றிலும் வேறு வேறு மருந்து. ஊகத்தில் மருந்து எழுதக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. ஆகவே புண்ணிலிருந்து மணியோ துணுக்கோ வந்தால் கழுவிக் கொட்டாதீர்கள். சுத்தமான சிறு டப்பாவில் போட்டுக் கொண்டுபோங்கள்.

அதன்பின் ஆழமாகச் சதை எடுத்து இரண்டு குப்பிகளில் என் கையில் கொடுத்தார்கள். அரசு மருத்துவமனையில் மாதிரியை லேபுக்குச் சுமப்பது பல நேரம் கூட வந்தவரின் வேலை. ஒன்றில் சதை கெடாமல் வைக்கும் பார்மலின், அது நோயியல் துறைக்கு. இன்னொன்றில் சலைன் என்ற உப்புநீர்; அது நுண்ணுயிரியல் துறைக்கு, கிருமியை வளர்த்துப் பார்க்க, அதாவது கல்ச்சருக்கு. மாற்றிக் கொடுத்தால் தீர்ந்தது: பார்மலினில் விழுந்த சதையில் எந்தக் கிருமியும் வளராது. எடுத்த சதை முழுவதையும் பார்மலினிலேயே போட்டுவிட்டு, பிறகு காசநோயா பூஞ்சையா என்று தெரியாமல் மறுபடி கீறவேண்டி வருவதும் உண்டு. "கல்ச்சருக்கும் தனியாக எடுப்பீர்களா, டாக்டர்?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. சாதாரண கல்ச்சர் இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும். பூஞ்சைக்கும் காசநோய்க் கிருமிக்கும் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். எதைத் தேடுகிறோம் என்று சீட்டில் எழுதாவிட்டால் "வளர்ச்சி இல்லை" என்று மூன்றாம் நாளே தாள் வந்துவிடும். நாமும் அதை நல்ல சேதி என்று நினைத்து வீட்டுக்குப் போய்விடுவோம். பதில் தெளிவில்லாமல் வந்து, கட்டியும் அப்படியே இருந்தால் இன்னொரு முறை, இன்னொரு இடத்தில் எடுக்கத்தான் வேண்டும்.

மருத்துவரிடம் என்ன சொல்வது என்பதும் முக்கியம். எந்த வேலை, செருப்புப் போடுவீர்களா, முள் குத்தியதா, எந்த ஊரில் இருந்தீர்கள், இதுவரை என்னென்ன மாத்திரை? மீன்தொட்டி கழுவுகிறவர்களின் விரலில் கட்டியாக வருகிற ஒரு நுண்ணுயிரி கூட இருக்கிறது; தொட்டியைப் பற்றிச் சொன்னால்தான் அது மருத்துவருக்குத் தோன்றும். மாதம் ஒருமுறை, பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்துப் படம் எடுத்திருந்தால் வளர்ந்த வேகம் தெரியும்.

இலங்கையில் இருப்பவர்களுக்கு ஒன்று. மணல் ஈ கடித்து வருகிற லெய்ஷ்மேனியா அங்கே தோலில் வலிக்காத சிறு கட்டியாகத் தொடங்கி, மெல்லப் பெரிதாகி, நடுவில் புண்ணாகும். 2008 முதல் அது சுகாதாரத் துறைக்கு அறிவிக்க வேண்டிய நோய். அனுராதபுரம், பொலன்னறுவை, அம்பாந்தோட்டைப் பக்கம் காடு வயல்களில் வேலை செய்துவிட்டு வந்தவருக்கு முகத்திலோ கையிலோ இப்படி ஒன்று நின்றால், அந்தப் பயணத்தைச் சொல்ல மறக்கக் கூடாது. கட்டியிலேயே ஊசி போட்டோ குளிரால் உறையவைத்தோ குணப்படுத்துகிறார்கள்.

"கறுப்புத் தோலுக்குத் தோல் புற்று வராது" என்பது இன்னொரு தவறு. குறைவு, ஆனால் வரும். வரும் இடங்கள் வேறு. உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி. பாடகர் பாப் மார்லிக்குக் கால்விரல் நகத்தடியில் 1977இல் கண்டுபிடிக்கப்பட்டது அந்த வகைதான். பந்தாட்டத்தில் பட்ட அடி என்றே முதலில் நினைத்தார்கள். 1981இல் 36 வயதில் இறந்தார். பழைய தீக்காயத் தழும்பிலும் பல பத்தாண்டுகள் கழித்துப் புற்று வரலாம். இடுப்பில் வேட்டியோ பாவாடை நாடாவோ இறுகி இறுகிக் கறுத்துப்போன வளையத்திலும் வரலாம். வேட்டிப் புற்று பற்றி 1945இலேயே கானோல்கர், சூரியாபாய் என்ற இந்திய ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். அந்த இடத்தில் ஆறாத புண் இருக்கிற பெண்கள் வெட்கப்பட்டு மறைப்பதுதான் பெரிய தடை. பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்பதில் ஒரு தவறும் இல்லை.

மருந்து தொடங்கிய பிறகும் தவறுக்கு இடம் இருக்கிறது. தோல் காசநோய்க்குக் குறைந்தது ஆறு மாதம். மாத்திரை அரசு மருத்துவமனையில் இலவசம், தொழுநோய்க்கும் அப்படியே. மாமாவுக்கு எழுதியது இட்ராகோனசோல் என்ற பூஞ்சை மருந்து, வருடத்துக்கு மேல். சாப்பிட்டவுடன் போட வேண்டிய கேப்சூல் அது. வயிற்றில் அமிலம் இருந்தால்தான் சரியாக உடம்பில் சேரும். மாமாவோ இருபது வருடமாகக் காலையில் எழுந்தவுடன் அந்த அமிலத்தைக் குறைக்கிற கேஸ் மாத்திரை போடுகிறவர். அதை யாரிடமும் சொல்லவில்லை. கேஸ் மாத்திரையை மருந்து என்றே அவர் கணக்கில் சேர்ப்பதில்லை. இரண்டு மாதம் கழித்து மருந்துச் சீட்டுகளையெல்லாம் கொண்டுவரச் சொன்னபோதுதான் தெரிந்தது. ஐந்தாம் மாதம் புண்ணின் கண்கள் மூடியதும் மருந்தை நிறுத்திவிடப் பார்த்தார். மேலே மூடினாலும் உள்ளே மணிகள் இருக்கும் என்று எம்ஆர்ஐ படத்தை விளக்கில் பிடித்துக் காட்டிய பிறகுதான் ஒப்புக்கொண்டார்.

அறுவை செய்து மீதியை எடுத்தார்கள். எலும்பில் இரண்டு ஓட்டை விழுந்திருந்தது, கால் தப்பியது. லேசாகச் சாய்ந்துதான் நடக்கிறார். செருப்பு இப்போது எப்போதும் காலில் இருக்கிறது, வரப்பில் இறங்கும்போது மட்டும் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்கிறார். அதற்காக அத்தையிடம் தினமும் வாங்கிக் கட்டிக்கொள்கிறார்.