லக்சாவுக்கு வாங்கின புதினா காம்பு மிச்சமிருக்கா, தூக்கி வீசாதீங்க

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை ஆசாம் லக்சா, அதாங்க நம்ம மலேசியாவோட புளிப்பு மீன் குழம்பு நூடுல்ஸ், வைக்கலாம்னு காலையிலயே ஆயர் ஈத்தாம் பசாருக்குப் போனேன், மீன், புங்கா கந்தான்ங்கிற இஞ்சி வகைப் பூமொக்கு, கெசும்ங்கிற வாசன எல, புதினா எல்லாம் வாங்கிட்டு வந்தாச்சு, ஆனா லக்சாவுக்கு எவ்ளோ புதினா வேணும், மேல தூவ ஒரு கைப்பிடி போதும். மிச்சத்த ஃபிரிட்ஜுல வெச்சா நாலு நாள்ல கறுத்துப்போயிரும், அப்புறம் நேரா குப்பை. கெசுமும் அப்படித்தான், ஒரு கட்டு வாங்கினா கால் கட்டுகூட செலவாகாது. நான் இப்பல்லாம் அந்தக் காம்பு எதையும் வீசுறதில்ல. நுனியில நாலு எலைய மட்டும் விட்டுட்டு மத்தத உருவி சமையலுக்கு எடுத்துக்கிட்டு, காம்ப ஜாம் பாட்டில்ல தண்ணி ஊத்திப் போட்டு வெச்சிர்றேன். கெசும் நாலாவது நாளே வேர் விட்டுருச்சு, புதினாவுக்கு ஒரு வாரம் புடிச்சிச்சு. இப்ப ரெண்டும் காரிடார்ல தொட்டியில நிக்குது.

இதச் சொன்னா ஒடனே எல்லாரும் கேக்குறது, "வேர் விட ஹார்மோன் பவுடர் வாங்கணுமாமேக்கா?" வேணாம்லா. அந்தப் பவுடர்ல இருக்கறது பெரும்பாலும் ஐபிஏன்னு ஒரு ஆக்சின், அதாவது செடியோட வளர்ச்சி ஹார்மோன். ஆக்சின செடி தானாவே செஞ்சுக்கும், நுனிக் கொழுந்துலயும் எளந்தளிர்லயும் ஊறி தண்டு வழியா கீழ எறங்கிக்கிட்டே இருக்கும், நீங்க வெட்டிட்டீங்கன்னா அதுக்குக் கீழ போக வழியில்லாம வெட்டின எடத்துலயே தேங்கும், அப்படித் தேங்குற எடத்துலதான் வேர் கெளம்புது. அதனாலதான் நுனிக் கொழுந்தோட இருக்குற துண்டா எடுங்கன்னு சொல்றது. முத்தின கட்டைக் கெளைக்கு அந்தப் பவுடர் ஒதவும், இல்லன்னு சொல்லல. ஆனா நம்ம வீட்டுல வளக்குற புதினா, துளசி, கோலியஸ், மணி பிளான்ட்டுக்கெல்லாம் காசு குடுத்துப் பவுடர் வாங்குறது வீண் செலவு.

முக்கியமா பாக்க வேண்டியது கணு. பொங்கலுக்கு கரும்பு வாங்குறோம்ல, அந்தக் கணுவ கிட்டத்துல வெச்சுப் பாருங்க, கணுவச் சுத்தி மாலை கோத்த மாதிரி புள்ளி புள்ளியா இருக்கும், அந்தப் புள்ளி ஒவ்வொண்ணும் கெளம்பக் காத்துக்கிட்டு இருக்குற வேரு. எல்லாச் செடியிலயும் இவ்ளோ தெளிவா தெரியாது, ஆனா சங்கதி ஒண்ணுதான். மணி பிளான்ட்ல கணுவுக்குக் கணு பழுப்பா ஒரு சின்ன முட்டு நீட்டிக்கிட்டு இருக்கும் பாருங்க, அது தண்ணியில முங்கினாத்தான் சீக்கிரம் நீளும். வெறும் எலையும் காம்பும் மட்டும் கிள்ளிட்டு வந்து தண்ணியில போட்டுட்டு, மாசக்கணக்கா பச்சையாவே இருக்கு ஆனா வளரவே மாட்டேங்குதுன்னு சொல்றவங்க நெறைய பேரு. மணி பிளான்ட் எலைக்காம்புல சில சமயம் வேர்கூட வரும், ஆனா கணு இல்லாம புதுத் தளிர் வராது, காலத்துக்கும் அந்த ஒத்த எலைதான்.

எங்க மாமி ஒருத்தவங்க ஒரு தடவ லக்சாவுக்கு வாங்கின புங்கா கந்தான் மொக்கையே பாட்டில்ல நிறுத்தி வெச்சு ரெண்டு வாரம் காத்துக்கிட்டு இருந்தாங்க. அது பூவு மாமி, கெழங்கு இருந்தாத்தான் அது மொளைக்கும்னு சொல்லியும் கேக்கல, கடைசியில நாத்தம் தாங்காம அவங்களே எடுத்து வீசினாங்க.

சரி, வெட்டுறது எப்படின்னா, காலையில வெட்டுங்க, அப்பத்தான் செடி தண்ணி குடிச்சு வெடைப்பா இருக்கும், மத்தியான வெயில்ல வாடினத வெட்டினா பாட்டில்ல போன பிறகும் தல தொங்கிக்கிட்டே இருக்கும். நீளம் ஒரு சாண்ல பாதி, அதாவது 10 சென்டிமீட்டர்லேர்ந்து 15 வரைக்கும் போதும். கணுவுக்குக் கீழ அரை சென்டிமீட்டர் விட்டு வெட்டணும், ரொம்ப நீளமா வால் விட்டா அந்த வால்தான் மொதல்ல அழுகும். மொக்கை கத்தரிக்கோல் வேணாம், அது தண்ட நசுக்கும், நசுங்குன எடத்துல கிருமி பூந்துரும். புது பிளேடு ஒண்ணு, இல்லன்னா கத்திய சுடுதண்ணியில கழுவித் தொடைச்சிட்டு வெட்டுங்க. சரிவா வெட்டணுமா நேரா வெட்டணுமான்னு பெரிய சண்டையே நடக்கும், எப்படி வெட்டினாலும் எனக்கு வந்திருக்கு. பூ இருந்தா கிள்ளிருங்க. தண்ணிக்குள்ள ஒரு எலைகூட இருக்கக் கூடாது, மேல ரெண்டு மூணு போதும், செம்பரத்தி மாதிரி பெரிய எலையா இருந்தா பாதிய குறுக்க நறுக்கிருங்க, வேரே இல்லாத தண்டு அவ்ளோ எலைக்கு எங்கேர்ந்து தண்ணி குடுக்கும்.

இனி தண்ணி விஷயம். நம்ம ஊருல பெரும்பாலும் கெட்டுப் போறது இதுலதான். பாட்டில் ரொம்ப ஊத்தாதீங்க, ஒரு கணு ரெண்டு கணு முங்குற மாதிரி மூணு நாலு விரக்கடை போதும். வேர் மொளைக்க ஆக்சிஜன் வேணும், தண்ணி சூடாக சூடாக அதுல ஆக்சிஜன் கொறையும், 20 டிகிரி தண்ணியில லிட்டருக்கு 9 மில்லிகிராம் கிட்ட கரைஞ்சிருக்கும்னா 30 டிகிரியில ஏழரைதான், நம்ம வீட்டுல பகல்ல தண்ணி கிட்டத்தட்ட அந்தச் சூட்டுலதான் கெடக்குது. பத்தாததுக்கு அந்தச் சூடு பாக்டீரியாவுக்கு ரொம்பப் புடிக்கும். குளிர் ஊர்க்காரங்க வாரத்துக்கு ஒரு தடவ தண்ணி மாத்துங்கன்னு சொல்றத நம்பி இங்க வெச்சீங்கன்னா அஞ்சாம் நாள் மூக்க மூடிக்கிட்டுத்தான் பாட்டில தொடணும். நான் ரெண்டு நாளைக்கு ஒரு தடவ மாத்துறேன், மறந்துபோனா மூணாவது நாள், அதுக்கு மேல போகவே கூடாது. மாத்தும்போது தண்ட குழாய்க்குக் கீழ காட்டி வழுவழுப்ப விரலால மெதுவா தேச்சுக் கழுவிருங்க. குழாய்த் தண்ணியே போதும், குளோரின் வாடை தூக்கலா இருந்தா மட்டும் ஒரு ராத்திரி தொறந்து வெச்சு ஊத்தலாம். சக்கரை, தேன், ஆஸ்பிரின்னு எதையும் கலக்காதீங்க, சக்கரை போட்டா செடிக்கு முன்னாடி பாக்டீரியாதான் பந்தியில ஒக்காரும். ஒரமும் வேணாம், வேரே இல்லாததுக்கு ஒரம் எதுக்கு.

பாட்டில சன்னல் பக்கம் வெளிச்சத்துல வைங்க, ஆனா நேர் வெயில் அடிக்கக் கூடாது, கண்ணாடி பாட்டில் வெயில்ல நின்னா தண்ணி தேத்தண்ணி மாதிரி சுட்டுரும். பாசி புடிக்குதுன்னா சுத்தி பழைய பேப்பர் ஒட்டிருங்க, இருட்டுலதான் வேருக்கும் கும்மாளம்.

தண்ணி மாத்துறதுல இன்னொரு காரணமும் இருக்கு, அதுவும் நம்ம நாட்டுல ரொம்பவே இருக்கு. ரெண்டு வருஷத்துக்கு முன்ன சாமி மேடை பக்கத்துல ஒரு மணி பிளான்ட் பாட்டில் வெச்சிருந்தேன், வேர் நல்லா வந்துருச்சு, அழகா இருக்கேன்னு அப்படியே விட்டுட்டேன், தண்ணி கொறைஞ்சா மேல ஊத்துறதோட சரி. ஒரு நாள் கொசு செக் பண்ண வந்தவங்க டார்ச் அடிச்சுப் பாத்தா உள்ள புழு துள்ளுது. பதினோராவது மாடிக்குக் கொசு எங்க வரப்போகுதுன்னு இருந்தேன், லிஃப்டுல ஏறி வந்துச்சோ என்னமோ. 1975-ஆம் வருஷத்து நோய் பரப்பும் பூச்சி ஒழிப்புச் சட்டப்படி டெங்கு பரப்புற ஏடிஸ் கொசுவோட புழு இருந்தா 500 வெள்ளி (ரிங்கிட்) வரைக்கும் கோம்பவுண்டு, அதாவது அபராதம், போடலாம். நல்ல நேரம், அன்னிக்கி கண்டிச்சிட்டு விட்டுட்டாங்க, ஆனா பக்கத்து வீட்டு ஆண்ட்டி எட்டிப் பாத்துக்கிட்டு நின்னாங்க பாருங்க, அந்த வெக்கத்துக்கு 500 வெள்ளியே கட்டியிருக்கலாம்.

அப்பத்தான் ஒரு விஷயம் தெரிஞ்சுக்கிட்டேன், ஏடிஸ் முட்டைய தண்ணியில மெதக்க விடாது, தண்ணி மட்டத்துக்குக் கொஞ்சம் மேல பாட்டில் சொவத்துல ஒட்டி வெச்சிரும், அது காஞ்சு போயும் மாசக்கணக்கா உசுரோட இருக்கும், திரும்ப தண்ணி ஏறினா பொரிச்சிரும். அதனால தண்ணிய மட்டும் கொட்டினா பத்தாது, பாட்டில் உள்பக்கத்த பிரஷ் போட்டுத் தேய்க்கணும். முட்டையிலேர்ந்து கொசு ஆகி பறக்க நம்ம சூட்டுல ஒரு வாரம் பத்து நாள் ஆகும், ரெண்டு நாளைக்கு ஒரு தடவ தேச்சுக் கழுவுறவங்க வீட்டுல அதுக்கு நேரமே கெடைக்காது. பாட்டில் வாயில தண்ட சுத்தி பஞ்சு அடைச்சிட்டா இன்னும் நல்லது. வெளியூருக்குப் போறீங்கன்னா பாட்டில அப்படியே வெச்சிட்டுப் போகாதீங்க, மண்ணுல நட்டுட்டுப் போங்க, இல்ல தெரிஞ்சவங்ககிட்ட குடுத்துட்டுப் போங்க.

எது எது வரும்னு கேட்டா, கங்கோங்தான் எல்லாத்துலயும் சீக்கிரம், கீரைய ஆஞ்சுட்டு அடித்தண்ட தண்ணியில போட்டா மூணாம் நாள் வெள்ளையா மீசை வந்துரும். சக்கரவள்ளிக் கொடி, கோலியஸ் ரெண்டும் ஒரு வாரத்துக்குள்ள. செராய் (எலுமிச்சம்புல்லு) வாங்கும்போது அடிக்கட்டை முழுசா இருக்கான்னு பாத்து வாங்கணும், அழகா தெரியணும்னு அடிய சீவி விக்கிறது வேர் விடாது. துளசி பத்து நாள் எடுக்கும், கதிர் வெச்ச கெளைய எடுத்தீங்கன்னா அது பூக்குற நெனப்புலயே இருக்கும், கதிர் வைக்காத எளங்கெளையா பாத்து எடுங்க. கற்பூரவள்ளி தண்ணியிலயும் வரும், ஆனா சதைப்பத்தான தண்டு, சட்டுனு அழுகிரும், அத நேரா மண்ணுல குத்திட்டா வேலை முடிஞ்சுது.

செம்பரத்திக்குப் பொறுமை வேணும். 1960-ல இதத்தான் தேசியப் பூவா எடுத்தாங்க, நம்ம தாமான்ல (குடியிருப்புல) வேலிக்கு வேலி இருக்கு, கெளைக்குப் பஞ்சமே இல்ல. பென்சில் மொத்தத்துல பச்சையும் பழுப்பும் கலந்த கெளையா எடுங்க, ஒரு மாசம் ஆகலாம். நடுவுல தண்ணிக்குள்ள இருக்குற தோல்ல வெள்ளை வெள்ளையா பொரி மாதிரி வெடிச்சு நிக்கும், வேர் வந்துருச்சுன்னு நான் மொத தடவ குதிச்சேன், அது வேர் இல்ல, தண்டு மூச்சு விடுற துளை தண்ணியில ஊறி உப்பிப்போறது. வேர்னா கூர்மையா நீட்டிக்கிட்டு வரும், பொரி உருண்டையா அப்படியே நிக்கும். வெட்டின வாய்ல வெளிர் நெறத்துல கெட்டியா தடிச்சா அது காயம் ஆறுறது, நல்ல அறிகுறி. பழுப்பாகி கொழகொழன்னு ஆகி மோந்து பாத்தா சாக்கடை வாடை வந்தா அழுகல், அழுகின எடத்துக்கு மேல ஒரு கணு தள்ளி வெட்டி வேற பாட்டில்ல போடுங்க. அழுகினத மத்ததோட ஒரே பாட்டில்ல விடாதீங்க.

ரோஜாவும் காகிதப்பூவும் தண்ணியில முயற்சி பண்ணி நெறைய நாள் வீணாக்கியிருக்கேன், ரெண்டும் மண்ணுலதான். முருங்கைக் கம்பும் மண்ணுலதான். கருவேப்பிலை பத்தி கேக்காதவங்களே இல்ல, பசாருல வாங்குற கொத்த தண்ணியில போட்டா வேர் வரவே வராது, ஏன்னா அது கெளையே இல்ல, அந்த ஈர்க்கோட மொத்தமும் சேந்து ஒரே ஒரு எல. யார் வீட்டுலயாவது மரம் இருந்தா அடியில கன்னு மொளைச்சிருக்கும், அத வேரோட கேட்டு வாங்குங்க.

வேர் வந்த பிறகு ஆசையா மாசக்கணக்கா வெச்சுப் பாக்காதீங்க. தண்ணியில வளந்த வேருக்கு வேர்த்தூவி கம்மி, ஒடிஞ்சும் போகும், மண்ணுக்குப் போனா அது ஒரு புது ஒலகம். ரெண்டு மூணு வேர் 3 சென்டிமீட்டர், மிஞ்சினா 5 ஆனதும் மாத்திருங்க, கைநீளம் விட்டு நட்டீங்கன்னா ரெண்டாம் நாளே தொவண்டு விழும். மண்ண மொதல்ல ஈரமாக்கிட்டு, விரலால குழி போட்டு வேர மடக்காம எறக்கி, மண்ண லேசா தள்ளிவிடுங்க, அமுக்காதீங்க. மொத வாரம் நெழல், மண்ணு காயவே கூடாது, ரெண்டாவது வாரத்துலேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா தண்ணியக் கொறைச்சு வெயிலுக்கு நகத்துங்க. தொட்டிக்குக் கீழ தட்டு வெச்சு தண்ணி தேக்காதீங்க, திரும்ப அந்த டார்ச் லைட்டு கத வேணாம்.

கெசும் தொட்டியிலேர்ந்து அடுத்த லக்சாவுக்குக் கிள்ளியாச்சு. சீன ஆண்ட்டி கடையில வாங்கினதவிட எல சின்னதுதான், வாசம் அதுக்குமேல. இப்ப துளசிக்கு பாட்டில் கழுவி வெச்சிட்டேன், ஆனா இன்னிக்கி வெள்ளிக்கிழமை, துளசி மேல கத்தி வெச்சா மாமியார் என்ன வெட்டிருவாங்க, அதனால நாளைக்குக் காலையிலதான்.