எந்தச் சோதனை முதலில்? ரிக்ரஷன் சோதனைக்கு வரிசை போடும் முறை

மென்பொருளில் ஓரிடத்தைத் திருத்தியபின், அதுவரை ஒழுங்காக ஓடிய மற்ற இடங்கள் கெட்டிருக்கின்றனவா என்று பார்ப்பதே ரிக்ரஷன் சோதனை. வரிசை போடுவதால் எந்தச் சோதனையையும் நீக்கப்போவதில்லை. மாலையில் தெரியவேண்டிய பிழை காலையிலேயே தெரிந்தால் திருத்துவதற்குப் பகல் முழுவதும் கிடைக்கும், அவ்வளவுதான்.

தேக்காவில் உள்ள மளிகைக் கடை ஒன்றின் செயலியை எடுத்துக்கொள்வோம். சிங்கப்பூரில் பொருள், சேவை வரி 2024 ஜனவரி 1 அன்று 8 விழுக்காட்டிலிருந்து 9 ஆனது. அந்த மாற்றத்தைச் சோதிக்க வேண்டும். பழைய வரிசை இது: முகப்புப் படம், உள்நுழைவு, விநியோக நேரம், பில், பேநவ் (வங்கிக் கணக்கிலிருந்து உடனடியாகப் பணம் அனுப்பும் சிங்கப்பூர்ச் சேவை) கட்டணம்.

படி 1: திருத்தம் எதைத் தொடுகிறது என்று நிரல் எழுதியவரிடமே கேளுங்கள். வரி பில்லைத் தொடுகிறது. பில் தொகை பேநவுக்குப் போகிறது. உள்நுழைவுக்கு இதில் வேலையில்லை.

படி 2: உடைய எவ்வளவு வாய்ப்பு, உடைந்தால் எவ்வளவு நட்டம் என்று இரண்டுக்கும் ஒன்று முதல் ஐந்துவரை மதிப்பெண் போட்டுப் பெருக்குங்கள். பில் 5×5=25, பேநவ் 3×5=15, விநியோகம் 2×3=6, உள்நுழைவு 1×5=5, முகப்பு 1×1=1. பெரிய எண் முதலில் என்ற இதே வரிசையில் ஓட்டுங்கள். எல்லாமே முக்கியம் என்று அனைத்துக்கும் ஐந்து போடும் மேலாளர்கள் உண்டு. அவர்களிடம் இரண்டிரண்டு சோதனைகளாகக் காட்டி, “ஒன்றுக்குத்தான் நேரமிருக்கிறது, எதை ஓட்டலாம்?” என்று கேளுங்கள், பதில் தானாக வரும்.

படி 3: முன்னால் வந்த சோதனைகளுக்கு உள்ளீட்டைப் புதிதாகத் தேர்ந்தெடுங்கள். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். 12.50 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) விலையுள்ள பொருளுக்கு 8 விழுக்காடு என்றால் வரி சரியாக ஒரு வெள்ளி. 9 விழுக்காடு என்றால் 1.125 வெள்ளி. பில் அதை 1.13 என்றும் பேநவ் பகுதி 1.12 என்றும் வட்டமாக்கினால் ஒரு காசு உதைக்கும். பழைய விகிதத்தில் இந்தப் பிழை வெளியே தலைகாட்டியிருக்காது. அதேபோல, டிசம்பரில் பணம் கட்டி வாங்கிய பொருளை ஜனவரியில் திருப்பிக் கொடுத்தால் 8 விழுக்காட்டின்படிதான் பணம் திரும்ப வேண்டும்.

படி 4: பிழைகள் தெரிந்தபின் வரிசையை அளந்து பாருங்கள். இதற்கு ஏபிஎஃப்டி (APFD) என்ற அளவு உண்டு; பிழைகள் எவ்வளவு சீக்கிரம் பிடிபட்டன என்று காட்டும், எண் பெரிதானால் வரிசை நல்லது. ஒவ்வொரு பிழையும் எத்தனையாவது சோதனையில் பிடிபட்டது என்ற எண்களைக் கூட்டி, சோதனை எண்ணிக்கையையும் பிழை எண்ணிக்கையையும் பெருக்கி வருவதால் வகுத்து, ஒன்றிலிருந்து கழியுங்கள். பிறகு சோதனை எண்ணிக்கையின் இருமடங்கால் ஒன்றை வகுத்துச் சேருங்கள். படி 3இன் இரு பிழைகளில் ஒன்று பில் சோதனையிலும் மற்றது பேநவ் சோதனையிலும் பிடிபடுவதாக வைத்தால், பழைய வரிசையில் அவை 4, 5ஆம் இடங்கள்: 1−9/10+1/10=0.2. புதிய வரிசையில் 1, 2ஆம் இடங்கள்: 0.8.

படி 5: சோதனைகளை ஒன்றையொன்று சாராமல் எழுதுங்கள். உள்நுழைவுச் சோதனை உருவாக்கும் கணக்கைப் பில் சோதனை நம்பியிருந்தால், வரிசை மாறியதும் அது தோற்கும். செயலியில் பிழையே இருக்காது. இதைச் சரிசெய்த பிறகே வரிசையில் கைவையுங்கள்.

மதிப்பெண்கள் அந்த ஒரு வெளியீட்டுக்கு மட்டுமே. அடுத்தது தீபாவளி முகப்புப் படம் என்றால் முகப்பு 5×1, பில் 1×5, இரண்டும் ஐந்துதான். இப்படிச் சமமாக வந்தால், விரைவில் ஓடி முடிவதை முதலில் ஓட்டுங்கள்.