பிள்ளைகள் மனம்விட்டுப் பேச ஊரில் ஓர் இடம்: அமைப்பது எப்படி?

பள்ளத்தூர்ப் பக்கம் எங்கள் ஊரில் மாலைநேர வாசகசாலை ஒன்றை நடத்துகிறோம். ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் மகளிர் குழுப் பெண்களும்தான் தொண்டர்கள். இதே மாதிரி தொடங்க நினைப்பவர்களுக்கு முதலில் ஒன்று சொல்வேன். 'மனநல ஆலோசனை' என்று பலகை மாட்டாதீர்கள். அதைப் பார்த்தால் எந்தப் பிள்ளையும் படியேறாது. கேரம் போர்டும் நாளிதழும் பாடப்புத்தகமும் இருக்கிற இடமே போதும்.

வைத்தியம் பார்ப்பது நம் வேலை இல்லை. சீக்கிரம் கவனிக்க வேண்டும், காதுகொடுக்க வேண்டும், டாக்டரிடம் சேர்க்க வேண்டும். மனநலச் சிக்கல்களில் பெரும்பங்கு 25 வயதுக்குள் தலைகாட்டிவிடுகிறது.

அப்பா சிங்கப்பூரில், அம்மா சென்னையில், பிள்ளை மட்டும் அப்பத்தாவோடு பெரிய வீட்டில். செட்டிநாட்டில் இது சாதாரணம். அப்பத்தா வேளைக்குச் சோறு போடுவார். பிள்ளை தூங்குகிறதா என்று மாடியேறிப் பார்க்க முழங்கால் விடாது. அந்த இடத்தில்தான் நாம் தேவைப்படுகிறோம். தூக்கம் கெடுவது, சாப்பாடு குறைவது, பிடித்த விளையாட்டை விடுவது, இவை 2 வாரத்துக்கு மேல் நீடித்தால் பேச்சுக் கொடுங்கள். 'நான் இருந்து என்ன ஆகப்போகுது' என்பதுபோலச் சாகும் பேச்சு வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். பிளஸ் டூ, நீட் முடிவுகள் வரும் நாட்களில் கூடுதல் கவனம் வேண்டும்.

எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்காருங்கள். கதவு திறந்தே இருக்கட்டும். "என்னப்பா, ராத்திரி தூங்குறியா?" என்று ஆரம்பிக்கலாம். "உனக்கு என்ன குறை?" என்று மட்டும் கேட்காதீர்கள், அதோடு பேச்சு நின்றுவிடும். சந்தேகம் இருந்தால், "செத்துப்போகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வராது. பல பிள்ளைகளுக்கு அந்தக் கேள்வியே ஆறுதல். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்யாதீர்கள். உயிருக்கு ஆபத்தென்றால் சொல்லித்தான் ஆகவேண்டும், அதை முன்பே பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள்.

சாகத் தோன்றுகிறதா என்ற கேள்விக்குப் பிள்ளை ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள். பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் வீட்டிலிருந்து அகற்றச் சொல்லி, உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். 2022 அக்டோபரில் தொடங்கியது, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. தொண்டர்கள் காதுகொடுத்தால் என்ன ஆகிவிடும் என்று நினைப்பவர்கள் சென்னையில் உள்ள ஸ்நேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பைப் பாருங்கள். 1986 முதல் அங்கே தொண்டர்கள்தான் கேட்கிறார்கள்.

வீட்டுக்காரர்களைச் சம்மதிக்க வைப்பதுதான் கடினம். "பைத்தியம்னு சொல்றீகளா?" என்று பெரியவர்கள் கோபப்படுவார்கள். "இல்ல ஆச்சி, புள்ள தூங்கி நாளாச்சு, அதுக்குத்தான் காட்டுவோம்" என்று தூக்கத்தில் தொடங்குங்கள். குன்றக்குடி முருகனுக்கு வேண்டிக்கொண்டால் தடுக்க வேண்டாம். போய்வரட்டும், ஆனால் அதற்காக டாக்டரைத் தள்ளிப்போட விடாதீர்கள். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. கூடவே ஒருவர் பஸ் ஏறுங்கள்.

அப்புறம்தான் பல இடங்களில் கோட்டைவிடுகிறார்கள். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மாத்திரை வேலைசெய்யச் சில வாரங்கள் பிடிக்கும். அதற்குள் 'பலனில்லை' என்று நிறுத்திவிடுவார்கள். டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக்கூடாது என்று சொல்லிக்கொண்டே இருங்கள். மறுபடி காட்டவேண்டிய தேதியைப் பேர் எழுதாமல் காலண்டரில் குறித்துவைத்து, முந்தைய நாள் மாலையே ஒருவர் வீட்டுக்குப் போய் நினைவூட்டுங்கள்.