கொழும்பில் உங்கள் மேல் வழக்கு வந்தால், அவசரப்பட்டு 'குற்றவாளி' என்று சொல்லாதீர்கள்

தமிழ்நாட்டிலிருந்து வேலை விசாவில் கொழும்பு வருபவர்களுக்காக எழுதுகிறேன். என் நண்பனுக்கு நடந்தது இன்னொருவருக்கு நடக்கக் கூடாது.

ஆரம்ப நடைமுறை நம் ஊர் மாதிரிதான். கைது செய்தால் 24 மணி நேரத்துக்குள் நீதவான் (நம் ஊர் மாஜிஸ்திரேட்) முன் நிறுத்த வேண்டும். வாக்குமூலத்தைப் பெரும்பாலும் சிங்களத்தில்தான் எழுதுவார்கள். தமிழில் விளக்கச் சொல்லுங்கள், தப்பு இருந்தால் திருத்தச் சொல்லுங்கள், அப்புறம் கையெழுத்துப் போடுங்கள். நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பு கேட்பது அரசியலமைப்பு தந்த உரிமை. பெரிய குற்றம் என்றால் சட்டமா அதிபர் (அட்டர்னி ஜெனரல்) வழியாக மேல் நீதிமன்றம் (ஹைகோர்ட்) போகும். ஹெராயின் 2 கிராம் இருந்தாலே மரண தண்டனையோ ஆயுளோ விதிக்கலாம். 1976-க்குப் பிறகு யாரையும் தூக்கிலிடவில்லை என்றாலும் சிறைக்காலம் நிஜம். ஊருக்குப் போகும்போது யார் கொடுத்த பொட்டலத்தையும் வாங்காதீர்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளவத்தையில் ஆட்டோ வாடகைத் தகராறு, தள்ளுமுள்ளு, ஓட்டுநருக்குக் கையில் காயம். நண்பன் மேல் வழக்கு. பிணை கிடைத்துவிட்டது. தவணை நாளில் (வழக்கு விசாரணைக்கு வரும் நாளில்) கொழும்பு புதுக்கடை நீதிமன்ற வாசலில் ஒருவர், "குற்றத்த ஒத்துக்கொள்ளுங்க, தண்டப்பணம் கட்டிட்டுப் பகலைக்கே போயிரலாம்" என்றார். நம் ஊர் பெட்டி கேஸ் பழக்கம் வேறு. இவன் ஒத்துக்கொண்டான், தொகை சின்னதுதான், சந்தோஷமாக வீடு வந்தான்.

அடுத்த வருடம் வளைகுடாவில் நல்ல வேலை. இலங்கையில் வாழ்ந்ததற்குப் பொலிஸ் சான்றிதழ் கேட்டார்கள். அதில் குற்றத்தீர்ப்பு வந்து நின்றது. வேலை போயிற்று. வாசலில் நின்று யோசனை சொன்ன அந்த ஆளை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் அடங்கவில்லை. இரண்டு பிள்ளைகளின் படிப்புக்காகக் கடல் தாண்டி வந்தவன் என் நண்பன்.

பிறகு ஒரு யாழ்ப்பாணத்துச் சட்டத்தரணி (வக்கீல்) அக்காவிடம் போனோம். "தம்பி, ஒரு தவணை பொறுத்து என்னட்டை வந்திருக்கலாமே" என்றார். அந்தத் தமிழைக் கேட்டதும் சொந்த அக்காவிடம் பேசுவது போல இருந்தது. அவர் சொன்ன வழிகள் இவை: நிரபராதி என்று சொல்லி விளக்கத்துக்கு (முழு விசாரணைக்கு) போகலாம். சிறு காய வழக்குகளில் எதிர்த்தரப்போடு சமரசம் செய்யலாம், மத்தியஸ்த சபையும் உண்டு. குற்றம் நிரூபணமானாலும், குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 306ஆம் பிரிவில், நன்னடத்தையைப் பார்த்து, குற்றத்தீர்ப்பு அளிக்காமலே நீதவான் விடுவிக்கலாம். அதைச் சட்டத்தரணி எழுந்து கேட்க வேண்டும். என் நண்பனுக்காகக் கேட்க யாருமே இருக்கவில்லை. மேன்முறையீட்டுக்கு 14 நாள்தான், அதுவும் தானே ஒத்துக்கொண்டவருக்கு மிகக் கடினம்.

சட்டத்தரணிக்குப் பணம் இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடுங்கள். பொலிஸ் அடித்தாலோ சட்டவிரோதமாகப் பிடித்து வைத்தாலோ மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு 1996 என்ற தொலைபேசி எண்ணில் அழைக்கலாம். உயர் நீதிமன்றத்தில் (இங்கே அது சுப்ரீம் கோர்ட்) அடிப்படை உரிமை மனு போட ஒரு மாதம்தான் அவகாசம்.

அப்புறம் பிணை. சரீரப் பிணைக்கு (ஆள் ஜாமீனுக்கு) நிற்பவரிடம் கிராம சேவகர் (நம் ஊர் வி.ஏ.ஓ. மாதிரி) சான்று கேட்பது வழக்கம். அதற்கு உள்ளூர்க்காரர்தான் வேண்டும், நம் அறைத் தோழர்களால் ஆகாது. அலுவலகத்தில் நம்பிக்கையான இருவரிடம் வந்த மாதமே இதைப் பேசி வையுங்கள்.